அருவி வற்றிவிட்டால் கனவை யாரிடம் சொல்வது?

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஒரு பங்குனி மாதத்து மாலையில், தென்காசியில் ஒரு டாக்டர் வீட்டு வராந்தாவில் நடந்தது இது. ஆனால் அதற்கு முந்தைய சீசனிலிருந்து ஆரம்பித்தால்தான் உங்களுக்குப் புரியும்.

எங்களுக்குக் குற்றாலத்தில் பழக்கடை. நானும் கணவரும்தான் முதலாளிகள், நாங்களேதான் வேலையாட்களும். வீடு பக்கத்து ஊரான மேலகரத்தில். ஆனி, ஆடியில் சாரல் விழ ஆரம்பித்துவிட்டால் எங்களுக்கு இரவு பகல் கிடையாது. ஊர் உலகமெல்லாம் அருவியில் குளித்துவிட்டுச் சுகமாகத் தூங்கப் போகும், நாங்கள் விழித்திருப்போம். ரம்புட்டானை எப்படி உரிப்பது, மங்குஸ்தானுக்குள் எத்தனை சுளை, டுரியான் ஏன் இப்படி நாறுகிறது என்று விடிய விடியக் கேள்விகள் வரும். அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். வாங்கவே மாட்டார்கள், ஆனால் ஒவ்வொரு பழமாக எடுத்து அமுக்கிப் பார்ப்பார்கள். அடுக்கி வைத்த பெட்டியில் அடிப்பெட்டியை உருவப் பார்ப்பார்கள், அதில்தான் நல்ல பழம் இருக்கிறதாம். “பெட்டியில கைய வைக்காதீங்க!” என்று கத்திக் கத்தியே சீசன் முடிவதற்குள் என் தொண்டை கட்டிவிடும். அந்தக் குரலுக்காகத்தான் என் கணவர் என்னைக் கல்லாவில் உட்கார வைக்காமல் பெட்டிப் பக்கம் நிறுத்துவார்.

அந்த வருடம் சீசன் முடிந்தது, கூட்டம் போனது, ஆனால் என் தூக்கம் மட்டும் திரும்பி வரவில்லை. ஆவணி போனது, புரட்டாசி போனது. வயதும் ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. பெண்களுக்கு அந்த வயதில் உடம்பு செய்யும் கூத்தெல்லாம் என் உடம்பும் செய்தது. படுத்தால் கண் மூடும், மனசு மூடாது. பக்கத்தில் கணவர் குறட்டை விட்டுத் தூங்கும்போது எனக்கு வரும் ஆத்திரத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். தலையணையால் அமுக்கிவிடலாமா என்றுகூடத் தோன்றும். கடைசியில் அவரே என்னைத் தென்காசியில் ஒரு டாக்டரிடம் கூட்டிப் போனார். டாக்டர் பொறுமையாகக் கேட்டு, ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

அந்த மாத்திரையை நான் சாமி பிரசாதம் போலக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போட்டேன். அவ்வளவு அருமையான தூக்கம். போட்டுப் படுத்தால் கட்டையைப் போலக் கிடப்பேன். ஆனால் இரண்டு வாரம் போனதும் விடியற்காலையில் கனவுகள் வர ஆரம்பித்தன. சாதாரணக் கனவுகள் இல்லை. வழக்கமாக எனக்கு வரும் கனவு எழுந்து பல் துலக்குவதற்குள் மறந்துவிடும். இவை அப்படி மறக்கவில்லை. நிறம், வாசனை, சூடு எல்லாம் அப்படியே இருக்கும். கடையை வெள்ளம் அடித்துப் போகும். எரியும் பந்தலுக்குள் நான் பழம் விற்றுக்கொண்டிருப்பேன். வியர்த்து நனைந்த உடம்போடு, அடித்துக்கொள்ளும் நெஞ்சோடு எழுந்து உட்காருவேன்.

இந்த இடத்தில் எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கெட்ட கனவை எந்த மனிதரிடமும் சொல்லக் கூடாது. சொன்னால் பலித்துவிடும். அதுவும் விடியற்காலைக் கனவென்றால் கட்டாயம் பலிக்கும். மனதுக்குள்ளேயும் வைத்துக்கொள்ளக் கூடாது. ஓடும் தண்ணீரிடம் சொல்லிவிட வேண்டும். தண்ணீர் அதை அடித்துக்கொண்டு போய்விடும். வாய்க்கால் இருப்பவர்கள் வாய்க்காலில் சொல்வார்கள். நான் குற்றாலத்துக்காரி, எனக்கு அருவியே இருக்கிறது. கடை திறக்குமுன் பெண்கள் குளிக்கும் பக்கம் போய், தலையை அருவிக்குக் கொடுத்து நின்றுகொண்டு, கனவை ஒன்று விடாமல் சொல்வேன். ஐயப்ப சீசன் சமயத்தில் பக்கத்தில் குளித்துக்கொண்டிருந்த ஒரு அம்மா, நான் ஏதோ சுலோகம் சொல்கிறேன் என்று நினைத்து, குளித்து முடித்ததும் என் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

தை மாதத்தில் என் மகளுக்கு வேலை கிடைத்தது. எங்களுக்கு அவள் ஒரே பிள்ளை. லேப் டெக்னீஷியன் படித்தவள். மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்தில் புனலூரில் ஒரு ஆஸ்பத்திரி. அங்கேயே விடுதியில் தங்கிக்கொண்டு, லீவுக்கு ரயிலில் வீட்டுக்கு வந்து போகலாம். சித்திரை பிறந்ததும் சேர வேண்டும் என்றார்கள். வீடே சந்தோஷத்தில் இருந்தது. அன்றைக்கு மறுநாள் விடியற்காலையில்தான் அந்த ரயில் கனவு முதல் தடவை வந்தது.

செங்கோட்டையில் இருந்து புனலூர் போகும் ரயில் பாதையில், ஆரியங்காவு தாண்டி, பதிமூன்று கண் உள்ள பழைய கல்பாலம் ஒன்று இருக்கிறது. உயரமான பாலம். கனவில் அந்தப் பாலத்தின் தூண்களெல்லாம் எங்கள் கடை மங்குஸ்தான் பெட்டிகள். ஒன்றன்மேல் ஒன்றாக வானம் வரைக்கும் அடுக்கியிருக்கும். நான் கீழே நிற்பேன். மேலே ரயில் வரும். ஜன்னலில் என் மகள் உட்கார்ந்து புளியோதரை சாப்பிட்டுக்கொண்டே எனக்குக் கை காட்டுவாள். அப்போது முகம் தெரியாத ஒரு ஆள் நிதானமாக வந்து, அடிப்பெட்டியை உருவ ஆரம்பிப்பான். நான் கத்த வேண்டும். கத்த முடியாது, என் வாய் நிறைய ரம்புட்டான் கொட்டைகள். துப்பத் துப்ப ஊறும். பெட்டிகள் சரியும். என் மகள் விழும்போதும் கை காட்டிக்கொண்டேதான் விழுவாள். நான் புடவை முந்தானையை விரித்துப் பிடித்துக்கொண்டு ஓடுவேன். மடியில் வந்து விழுவது வெறும் தண்ணீர்.

அருவியிடம் சொன்னேன். மறுபடி வந்தது. மறுபடி சொன்னேன். வாரத்தில் பாதி நாள் அதே ரயில், அதே புளியோதரை. இதற்குள் மாசி வந்துவிட்டது. குற்றாலத்தை சீசனில் மட்டும் பார்த்தவர்களுக்கு இது தெரியாது: மாசி, பங்குனியில் அருவி வற்றிவிடும். வெறும் பாறைதான் நிற்கும், அதில் நாலைந்து குரங்குகள் உட்கார்ந்து பேன் பார்த்துக்கொண்டிருக்கும். நான் அந்தப் பாறைக்கு முன்னால் போய் நின்று, என் பிள்ளையின் சாவை இனி எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று அழுதேன். வீட்டுக் குழாயிடம் சொல்லிப் பார்த்தேன். அதில் ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் வரும். தண்ணீர் வராத நாளில் கனவு வந்துவிட்டால் அன்றைக்கு முழுவதும் அது நெஞ்சிலேயே கிடக்கும்.

மகளிடம் ஒரே முடிவாகச் சொன்னேன், “வேலைக்குப் போகாண்டாம்.”

“ஏம்மா?”

“போகாண்டாம்னா போகாண்டாம்.”

காரணத்தைச் சொன்னால் பலித்துவிடுமே! எப்படிச் சொல்வது? அவள் கெஞ்சினாள், கத்தினாள், கடைசியில் என்னோடு பேசுவதையே நிறுத்திவிட்டாள். சாப்பாட்டுத் தட்டைத் தானே போட்டு எடுத்துக்கொள்வாள். கணவர் நடுவில் கிடந்து தவித்தார். “கல்யாணம் பேசப் போறியா, இல்ல மலையாளத்துச் சேட்டன் எவனையும் கெட்டிக்கிடுவான்னு பயப்படுதியா, என்னத்தையாவது சொல்லித் தொலையேன் ஏட்டி” என்றார். நான் வாயைத் திறக்கவில்லை. ஊரில் கேட்டவர்களுக்கெல்லாம், படித்த பிள்ளையை வீட்டில் பூட்டி வைக்கும் பிடிவாதக்காரி நான். அந்தப் பெயரையும் வாங்கிக்கொண்டேன். பிள்ளை உயிரோடு இருந்தால் போதும் என்று இருந்தது.

டாக்டரிடம் மட்டும் இரண்டு தடவை போனேன். “தூக்கம் சரியில்ல டாக்டர், விடியக்காலையில முழிச்சிருதேன்” என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். பாவம், அவர் என்ன செய்வார்? மாத்திரையின் அளவைக் கூட்டினார். கனவுகள் இன்னும் பளிச்சென்று வந்தன.

மூன்றாவது தடவை போனதுதான் அந்தப் பங்குனி மாதத்து மாலை.

வராந்தாவில் நல்ல கூட்டம். எனக்கு எதிர் பெஞ்சில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். அறுபதைத் தொடும் வயது இருக்கும். வெள்ளை வேட்டி, தோளில் ஒரு பச்சைத் துண்டு. திருவேங்கடம் என்ற ஊர்ப் பக்கத்தில் இருந்து பஸ் மாறி வந்திருக்கிறார். மானாவாரி விவசாயம், வீடு நிறைய மாடுகள். இதெல்லாம் நான் கேட்டுத் தெரிந்துகொண்டது இல்லை. அந்த மனிதர் ஊருக்கே கேட்கிற மாதிரிதான் பேசினார். இருமலுக்கு வந்த பையன், கால் வலிக்கு வந்த ஆச்சி, கம்பவுண்டர் எல்லோரும் அவருடைய கதையைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

“இந்த மாத்திரைய போட ஆரம்பிச்சதுல இருந்து, எங்க வீட்டுல செத்துப்போன மாடெல்லாம் விடியக்காலையில வந்து கட்டில சுத்தி நிக்கி. என் அப்பா காலத்து மாடுகூட வந்திருக்குன்னா பாத்துக்கிடுங்க. எல்லாம் வைக்கோல் எங்கலேன்னு கேக்கி. அதுல ஒரு மயிலைப் பசு கண்ணாடி வேற போட்டிருக்கு!”

வராந்தாவே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. அவர் கையில் ஆட்டிக்கொண்டிருந்த மாத்திரை அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பச்சைக் கோடு போட்ட அட்டை. என் பைக்குள் இருந்ததும் அதேதான்.

எழுந்து போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். முன்பின் தெரியாத ஆண் ஒருவர் பக்கத்தில் நானாகப் போய் உட்கார்ந்தது என் வாழ்க்கையிலேயே அதுதான் முதல் தடவையாக இருக்கும். என் அட்டையை எடுத்துக் காட்டினேன்.

“அண்ணாச்சி, எனக்கும் கனவு வருது.”

“அப்படியா தங்கச்சி! ஒங்களுக்கும் மாடா?”

“மாடு இல்ல. வேற.”

“என்னது, சொல்லுங்க.”

“சொல்ல மாட்டேன் அண்ணாச்சி. எம் மகளப் பத்தினது. சொன்னா பலிச்சிரும்.”

அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. சத்தமாகவே பேசிக்கொண்டிருந்த மனிதர் குரலைத் தணித்துக்கொண்டார். மனைவி இறந்து ஒரு வருடம் ஆகவில்லையாம்; அதிலிருந்துதான் தூக்கம் இல்லையாம். பிள்ளைகளும் கிடையாதாம். சொல்லிவிட்டு, தோளில் கிடந்த துண்டை எடுத்து மடியில் விரித்தார்.

“எனக்கு மகளும் கெடையாது, மகனும் கெடையாது. ஒங்க கனவு எங்கிட்ட வந்து யாரப் போட்டுப் பலிக்கப் போகுது? எங்கிட்ட குடுத்திருங்க. எங்கனவுன்னு நான் வச்சுக்கிடுதேன்.”

கூடப் பிறந்த அண்ணன் தம்பி இல்லாதவள் நான். பெற்ற பிள்ளைக்கு ஆபத்து என்று ஒருத்தி நிற்கும்போது, அதைத் தூக்கி என் தலையில் வை என்று சொல்ல எனக்கு யாரும் இருந்ததில்லை. அவர் விரித்த துண்டைப் பார்த்துக்கொண்டே, முணுமுணுவென்று, பாதியை விழுங்கி மீதியை மட்டும் சொன்னேன். ரயில், பாலம், பெட்டி, மகள். அவர் துண்டை நாலாக மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

அந்த டாக்டர் கூட்டத்தைச் சமாளிக்க மூன்று மூன்று பேராக உள்ளே விடுவார். ஒருவரைப் பார்க்கும்போது மற்ற இரண்டு பேர் சுவரோரம் பெஞ்சில் உட்கார்ந்திருக்க வேண்டும். எங்கள் இருவரையும் இருமல் பையனையும் ஒன்றாகக் கூப்பிட்டார்கள். முதலில் அண்ணாச்சி போனார். மாடுகள் கதை முழுவதும் டாக்டருக்கும் கிடைத்தது. பிறகு அவர் என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு, கொஞ்சமும் கூசாமல் சொன்னார்.

“இன்னொரு கனவும் வருது டாக்டரே. எம் மக ரயில்ல போறா. தக்காளிப் பெட்டிய அடுக்கிப் பாலம் கெட்டியிருக்கு. மக இட்லி தின்னுக்கிட்டு வாறா...”

நான் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எத்தனை மாதமாகப் பட்ட பாடு! அதை இந்த மனிதர் தக்காளியும் இட்லியுமாக ஆக்கிக்கொண்டிருந்தார்.

“அப்ப பஸ்ஸுல இருந்து ஒருத்தன் எறங்கி...”

“பஸ் எங்கன வந்திச்சி அண்ணாச்சி?” நான் எழுந்தே நின்றுவிட்டேன். “தக்காளி இல்ல டாக்டர், மங்குஸ்தான் பெட்டி! அவ தின்னது புளியோதரை! அவன் நடந்துதான் வாறான், அடிப்பெட்டியத்தான் உருவுதான்!”

அதற்கு அப்புறம் என்னை நிறுத்த முடியவில்லை. ஆரம்பத்தில் இருந்து கடைசி வரை சொன்னேன். ரம்புட்டான் கொட்டை, முந்தானை, தண்ணீர், எல்லாவற்றையும் கடையில் கத்துகிற அதே குரலில் சொன்னேன். சொல்லி முடித்தபோது இருமல் பையன் இருமுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். அண்ணாச்சி நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வேண்டுமென்றேதான் தப்பாகச் சொன்னாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். “ஏம்மா, இத்தன நாளும் தூக்கம் சரியில்லன்னு மட்டும்தான சொன்னீங்க?”

“கெட்ட கனவ எப்படி டாக்டர் சொல்ல?”

“எங்கிட்ட சொல்லாம வேற யாருகிட்டம்மா சொல்லுவீங்க?”

அருவியிடம் சொன்னேன் என்று சொல்ல வெட்கமாக இருந்தது.

அவர் விளக்கிச் சொன்னார். இந்த வகை மாத்திரை சிலருக்கு இப்படிப்பட்ட கனவுகளைக் கொண்டுவருமாம். எல்லோருக்கும் வராது, சிலருக்கு வரும். நான் விழித்துவிடுகிறேன் என்று மட்டும் சொன்னதால், மாத்திரை போதவில்லை என்று நினைத்து அவர் கூட்டிக்கொண்டே போயிருக்கிறார். அதாவது, பலித்துவிடும் என்று பயந்து நான் வாயை மூட மூட, அந்தக் கனவுக்குத் தீனி போட்டு வளர்த்தது நானேதான்.

“அப்ப இன்னைக்கே தூக்கிக் குப்பையில போட்டிருதேன்” என்றேன். ஆத்திரம் பொங்கிக்கொண்டு வந்தது.

“அதுதான் கூடாது. நீங்களா பட்டுன்னு நிறுத்துனா வேற வம்பு வரும். கொஞ்சம் கொஞ்சமா நான் குறைச்சுக்கிட்டு வாரேன். கொஞ்ச நாளைக்குக் கஷ்டமாத்தான் இருக்கும். தாங்குவீங்களா?”

“சீசனையே தாங்குதேன் டாக்டர், இதத் தாங்க மாட்டனா?”

இன்னொன்றும் சொல்லிக் கொடுத்தார். பகலில், நல்ல வெளிச்சத்தில் உட்கார்ந்து, அந்தக் கனவை நானே நினைத்துப் பார்க்க வேண்டுமாம். ஆனால் முடிவை மட்டும் என் இஷ்டப்படி மாற்றிக்கொள்ள வேண்டும். தினமும் அதே மாற்றிய முடிவை மனதுக்குள் ஓட்டிப் பார்க்க வேண்டும். கேட்க சின்னப்பிள்ளை விளையாட்டு போலத்தான் இருந்தது. இருந்தாலும் செய்வது என்று முடிவு கட்டிக்கொண்டேன். இத்தனை நாள் அந்தக் கனவு சொன்னதற்கெல்லாம் நான் ஆடினேன், இனி நான் சொல்வதைத்தான் அது கேட்க வேண்டும் என்று ஒரு வீம்பு வந்துவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் மகளையும் கணவரையும் உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். முதலில் அவள் கோபப்பட்டாள். “இதுக்காம்மா என்னைய இந்தப் பாடு படுத்துன?” என்றாள். பிறகு அழுதாள். பிறகு என்னைக் கட்டிக்கொண்டு, “செத்து விழும்போதும் ஒனக்குக் கை காட்டுனனாம்மா?” என்று கேட்டாள். மூன்று பேரும் அழுதுகொண்டே சிரித்தோம்.

“போயிட்டு வா, வேலையில சேரு” என்றேன்.

“அடுத்தும் கனவு வந்துட்டுன்னா?”

“வரத்தான் செய்யும். மாத்திரை உள்ள கெடக்குல்லா. வந்துட்டுப் போகட்டும்.”

சொல்வதற்குச் சுலபமாக இருந்தது. அடுத்த வாரங்கள் சுலபமாக இல்லை. மாத்திரை குறையக் குறைய, பழைய விழிப்பு திரும்பி வந்தது. தலை கனத்தது, பகலில் எரிச்சல் எரிச்சலாக வந்தது, கடைக்கு வந்த ஒன்றிரண்டு பேரிடமும் வள்ளென்று விழுந்தேன். மறுபடி ஒரு முழு மாத்திரையைப் போட்டுக்கொண்டு கட்டையாகக் கிடந்தால் என்ன என்று பல நாள் தோன்றியது. அப்போதெல்லாம் அட்டையைக் கணவர் கையில் கொடுத்து, “நான் கேட்டாலும் தராதீங்க” என்பேன். அவர் அதை எங்கே ஒளித்து வைத்தார் என்று கடைசி வரைக்கும் சொல்லவில்லை. மத்தியானம் கடையில் ஈயாடும் நேரத்தில், வெறும் பெட்டிகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்து கனவை மாற்றி மாற்றி ஓட்டுவேன். அந்த ஆள் வருகிறான், அடிப்பெட்டியில் கை வைக்கிறான், நான் அவன் கையைப் பிடித்து முறுக்குகிறேன். நன்றாகத்தான் முறுக்கினேன்.

ஆனால் கனவும் லேசுப்பட்டது இல்லை. சித்திரையில் அவள் வேலைக்குக் கிளம்ப வேண்டிய அன்றைக்கே, விடியற்காலையில் பார்த்து வந்து நின்றது. அதே பாலம், அதே பெட்டி, வாய் நிறையக் கொட்டைகள்.

எழுந்து உட்கார்ந்தேன். ஒரு பக்கம் அறிவு சொல்கிறது, இது மாத்திரை. இன்னொரு பக்கம் வயிறு சொல்கிறது, இன்றைக்குப் பார்த்து வந்திருக்கிறதே, அனுப்பாதே. இவ்வளவு நாள் பட்ட பாடெல்லாம் அந்த ஒரு நிமிஷத்தில் வந்து நின்றது. நான் இப்போது வாயை மூடிக்கொண்டு, உடம்பு சரியில்லை என்று படுத்துவிட்டால் போதும், அவள் போக மாட்டாள்.

முகத்தைக் கழுவிக்கொண்டு காபி போட்டேன். மூன்று டம்ளரையும் மேஜையில் வைத்துவிட்டு, அவர்கள் இருவரையும் எழுப்பிக் கூப்பிட்டு, “இன்னைக்கும் வந்துட்டு” என்று ஆரம்பித்து முழுவதையும் சொன்னேன். மகள் தலை பின்னிக்கொண்டே கேட்டாள். “அப்ப எனக்குப் புளியோதரை கட்டித் தாம்மா” என்றாள். கட்டிக் கொடுத்தேன். நானும் கூடவே கிளம்பினேன்.

ரயில் செங்கோட்டையைத் தாண்டி மலையில் ஏற ஆரம்பித்தது. ஒரு குகைக்குள் நுழைந்து வெளியே வந்தது. ஆரியங்காவும் தாண்டியது. என் கை ஜன்னல் கம்பியை விடவில்லை. பாலம் வருகிறது என்று யாரோ சொன்னார்கள், ரயில் பெட்டியில் பாதிப் பேர் செல்போனைத் தூக்கிக்கொண்டு எங்கள் பக்கம் வந்துவிட்டார்கள். நான் மகளைப் பார்த்தேன். சீக்கிரம் எழுந்த அலுப்பில், வாயைத் திறந்துகொண்டு, என் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள்.

கண்ணை மூடவே கூடாது என்று கீழே பார்த்தேன். ரோட்டில் ஒருவர் லாரியை ஓரமாக நிறுத்திவிட்டு டீ குடித்துக்கொண்டிருந்தார். வளைவு தெரிந்தது, தூண்கள் தெரிந்தன. கல். நல்ல கெட்டியான கல். நான் அந்தக் கல்லையே பார்த்துக்கொண்டு வந்தேன். பாலம் முடிந்து அடுத்த மரங்கள் வந்த பிறகுதான் கம்பியை விட்டேன். உள்ளங்கை முழுக்கத் துரு. மகளை எழுப்பாமல், பொட்டலத்தைப் பிரித்துப் பாதிப் புளியோதரையை நானே சாப்பிட்டேன். அவ்வளவு பசித்தது.

அவளை விட்டுவிட்டு வந்து கொஞ்ச நாள் கழித்து, அந்தக் கனவு மறுபடி வந்தது. அந்த ஆள் வந்தான், குனிந்தான், அடிப்பெட்டியில் கை வைத்தான். என் வாயில் கொட்டைகள் இருந்தனவா என்று ஞாபகம் இல்லை. “ஏலே! பெட்டியில கைய வைக்காதலே!” என்று நான் கத்திய கத்தலில் கணவர் கட்டிலில் இருந்து துள்ளி எழுந்து, திருடன் என்று நினைத்துக் கதவுப் பக்கம் ஓடினார். பக்கத்து வீட்டில் விளக்கு எரிந்தது. நான் கட்டிலில் உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தேன். மாத்திரை முழுவதும் நின்றது அதற்கும் பிறகுதான். ஆனால் அந்த ஆள் திரும்ப வரவில்லை.

அந்த வருடம் ஆனியில் சாரல் நன்றாகவே விழுந்தது. மகள் லீவுக்கு வந்து கடையில் எனக்கு ஒத்தாசையாக நின்றாள். ஒருநாள் காலை, அருவியில் குளித்த ஈரத்தலையோடு, தோளில் பச்சைத் துண்டோடு, ஒவ்வொரு பழக்கடையாகத் தேடிக்கொண்டு வந்த ஒருவர் எங்கள் கடைக்கு முன்னால் நின்று ரோடே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினார்.

“தங்கச்சி! ஒங்க ரயிலு எங்கிட்ட பத்திரமா இருக்கு! மாட்டுத் தொழுவுல கெட்டிப் போட்டிருக்கேன்!”

பெட்டிகளைத் தாண்டிக்கொண்டு ஓடி வந்தேன். மாடுகள் எப்படி இருக்கின்றன என்று கேட்டேன். எல்லாம் போய்விட்டதாம். கண்ணாடி போட்ட பசு மட்டும் எப்போதாவது தலைகாட்டுகிறதாம், அதைத் துரத்த அவருக்கே மனசு வரவில்லையாம். அவரை உட்கார வைத்து, மகளைக் காட்டினேன். இவள்தான் அந்த ரயிலில் போனவள் என்றேன். அவள் ஒரு மங்குஸ்தானை உடைத்து, சுளை சிதறாமல் அவர் கையில் வைத்து, “சாப்பிடுங்க மாமா” என்றாள்.

அவர் பழத்தைச் சாப்பிடவில்லை. கையில் வைத்துக்கொண்டே அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம் திரும்பி, வராந்தாவில் பேசிய அந்தத் தணிந்த குரலில் சொன்னார்.

“மாமான்னு கூப்பிட்டுட்டாளே தங்கச்சி. இனி எனக்கும்லா பயமா இருக்கும். அந்த ரயில நீங்களே திருப்பி வாங்கிக்கிடுங்க.”

இப்போது எங்கள் வீட்டில் கெட்ட கனவு கண்டவர்கள் காலையில் காபி ஆறுவதற்குள் அதைச் சொல்லிவிட வேண்டும். மகள் என்றால் போனில் சொல்ல வேண்டும், அதுதான் சட்டம். அருவிக்கு நான் வெறுமனே குளிக்கத்தான் போகிறேன். சொன்னால் பலித்துவிடும் என்று மாதக்கணக்கில் நெஞ்சுக்குள் பூட்டி வைத்திருந்த ஒரு கனவை வாய்விட்டுச் சொன்னதில், என் வீட்டுக்கு வந்து சேர்ந்தது ஒரு தாய்மாமன்தான் என்று நினைக்கும்போதெல்லாம், இன்றும் எனக்குக் கண் நிறைந்துவிடுகிறது.